சடையப்பன் வண்டிக்கு நீல ஒயர் போட்ட கதை

காருக்குத் தடியான எர்த் ஒயர் மாட்டினால் நல்லதா என்று மரக்காணம் டாக்ஸி ஸ்டாண்டில் வந்து யாரும் கேட்க வேண்டாம். கேட்டால் அப்பாதுரை என் பக்கம் கையைக் காட்டுவான், எனக்குக் கோபம் வரும். என் அம்பாசடரிலும் அந்த நீல ஒயர் இருக்கிறது. பேட்டரியில் தொடங்கி இன்ஜின் மேலெல்லாம் படர்ந்து கிடக்கிறது. அதனால் வண்டிக்கு ஒரு நல்லதும் நடக்கவில்லை, கெட்டதும் நடக்கவில்லை. சடையப்பன் சொன்னான் என்று மாட்டினேன்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காரில் எர்த் என்பது பெரிய வித்தையில்லை. பேட்டரியிலிருந்து கரண்டு ஒயர் வழியாக விளக்குக்கும் ஹாரனுக்கும் வண்டியைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாருக்கும் போகிறது. திரும்பி வருவதற்குத் தனி ஒயர் கிடையாது, வண்டியின் இரும்பு உடம்புதான் வழி. அந்த உடம்பையும் பேட்டரியையும் சேர்ப்பது ஒரு குட்டை ஒயரும் ஒரு போல்ட்டும். அந்த இடம் கெட்டால் போன கரண்டு திரும்ப முடியாமல் திண்டாடும். ஹாரன் அடித்தால் வைப்பர் ஒரு தரம் அசையும். சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

தள்ளுவது எங்கள் ஸ்டாண்டில் கேவலம் கிடையாது. காலையில் ஒருத்தன் வண்டியை நாலு பேர் தள்ளி, அப்புறம் அடுத்தவன் வண்டிக்குப் போவோம். சடையப்பன் மட்டும் விதிவிலக்கு. அவன் வண்டியை யாரும் தள்ளியதில்லை. வாங்கிய நாளிலிருந்து தள்ளியதில்லை. ஆனால் நம் வண்டியைத் தள்ள முதல் ஆளாக வருவான். ஆள் நல்ல கனம், ஒற்றை ஆளாகவே நகர்த்திவிடுவான். நகர்த்திவிட்டு, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு சொல்வான்:

"வண்டி வச்சிருக்கிறவன் அது மேல ஒரு கண்ணு வச்சிருக்கணும்பா."

உதவி செய்தவனை எப்படித் திட்டுவது? நன்றி சொல்லிவிட்டு மனசுக்குள் திட்டுவோம்.

அவன் மனைவி கொளஞ்சியம்மாள் உப்பளத்தில் வேலை செய்கிறவள். பாத்தியில் வாரிய உப்பைக் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டும் வேலை. கல்யாணத்துக்கு முன்பே போக ஆரம்பித்தவள், இன்னும் போகிறாள். உப்புத் தண்ணீரில் நிற்கிறவர்களின் பாதம் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். வெடிப்புக்குள் வெடிப்பு. இரண்டு பேருக்கும் ஒரே பிள்ளை, ராஜவேல். மினி லாரியில் உப்பு லோடு அடித்துக்கொண்டிருந்தான். ஒரு மழை நாளில் ஈ.சி.ஆர். ரோட்டில் விபத்தில் போய்விட்டான். அது 2002.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சீசனில் முதன்முதல் வாரும் உப்பில் ஒரு கைப்பிடியை வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். அதைச் சிவப்புத் துணியில் மூட்டை கட்டி, கண்ணேறு படாமல் இருக்க வாசலில் ஒன்று, வண்டி இருந்தால் வண்டியில் ஒன்று தொங்கவிடுவார்கள். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். அடுத்தவர் கை பட்டால் திருஷ்டி அவர் மேல் ஏறிக்கொள்ளும். வருஷம் திரும்பினதும் பழைய மூட்டையை அவிழ்த்து, தண்ணீரில் கரைத்து, கால்படாத இடத்தில் ஊற்றிவிட்டுப் புதிதைக் கட்டுவார்கள்.

ராஜவேல் மினி லாரியை எடுத்தது மழைக்காலத்தில். அப்போது உப்பளத்தில் உப்பு இருக்காது, வெள்ளம்தான் இருக்கும். "புது உப்பு வரட்டும்டா, கட்டிட்டு எடு" என்று கொளஞ்சியம்மாள் சொல்லியிருக்கிறாள். அவன் சிரித்துவிட்டுப் போயிருக்கிறான். அதற்குப் பிறகு அவள் சடையப்பன் வண்டிக்கு உப்பு கட்டாமல் ஒரு வருஷமும் விட்டதில்லை. காற்றில் அறுந்து விழாமல், பானெட்டுக்குள்ளேயே, பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு கம்பியில் கட்டினாள்.

2004 மழையில் சடையப்பன் வண்டி முதல் தடவையாக 'டிக்' என்றது. எங்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஸ்டாண்டில் அத்தனை பேரும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டோம். சடையப்பன் மறுபடி திருகினான். மறுபடி 'டிக்'. அப்பாதுரை எழுந்து போய், மரியாதையாகக் கேட்டான்:

"அண்ணே, தள்ளட்டுமா?"

அன்றைக்கு ஸ்டாண்டே சேர்ந்து தள்ளியது. வேலை இல்லாதவர்கள்கூட வந்து ஒரு கை வைத்தார்கள். வண்டி கிளம்பியதும் சடையப்பன் யார் முகத்தையும் பார்க்காமல் போனான். நான் மட்டும் "ஒரு கண்ணு வச்சிருக்கணும்பா" என்றேன். எவ்வளவு நாளாக நான் மனசில் வைத்திருந்தது அது.

பிறகு பேட்டரியை மாற்றினான். செல்ஃப் மோட்டாரைக் கழற்றிச் சரி செய்தான். திண்டிவனத்திலிருந்து எலெக்ட்ரீஷியன் சிவஞானம் வந்து பார்த்தார். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார், உப்பு மூட்டை தொங்கிய இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனார். அடுத்தவர் வீட்டுத் திருஷ்டியை எவன் தொடுவான்? வண்டி ஒரு நாள் கிளம்பியது, ஒரு நாள் கிளம்பவில்லை. கொளஞ்சியம்மாள் இரண்டாவதாக ஒரு மூட்டை உப்பு கட்டினாள்.

அந்த டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. அதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அடுத்த மாதங்களில் உதவி செய்ய வந்தவர்கள், எழுத வந்தவர்கள், படம் பிடிக்க வந்தவர்கள் என்று எல்லாருக்கும் கார் வேண்டியிருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். எங்களுக்குச் சாப்பிட நேரமில்லை. சடையப்பன் வண்டி மட்டும் பாதி நாள் வீட்டு வாசலில் நின்றது. அவனும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

2005 வைகாசியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வானூர். பெண் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு சடையப்பன் முன்னால் வந்தான், பெண்ணின் அத்தைமார்களோடு நான் பின்னால் வந்தேன். கூனிமேட்டில் இளநீர் குடிக்க நிறுத்தினோம். குடித்தோம். ஏறினோம். 'டிக்'.

மாப்பிள்ளை நல்ல பையன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, மாலையைக் கழற்றி ஒரு அத்தையிடம் கொடுத்துவிட்டுத் தள்ளினான். அத்தைமார்களும் தள்ளினார்கள். மணப்பெண் மட்டும் உள்ளே இருந்தாள். அவளும் இறங்கத்தான் பார்த்தாள், கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

சேதி எங்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. மறுநாள் கொளஞ்சியம்மாள் உப்பளத்திலிருந்து நேராக ஸ்டாண்டுக்கு வந்தாள். கால் முழுக்க உப்பு. கூடையைக் கீழே வைத்தாள்.

"ஏய்யா, மாப்பிள்ளையே எறங்கித் தள்ளுனாராமே."

சடையப்பன் துண்டை எடுத்து வண்டிக் கண்ணாடியைத் துடைத்தான்.

"நடு ரோட்டுல நின்னா பின்னாடி வர்றவன் பாத்தா வர்றான்? இன்னொரு தடவ உன் வண்டிய யாராவது தள்ளுனாங்கன்னு என் காதுல வுழுந்துச்சு, வண்டிய வித்துடணும். ராஜவேலு போட்டோ மேல சத்தியம் பண்ணு."

"சரி."

"சரின்னா? வாயால சொல்லு."

"வித்துடறேன்" என்றான் சடையப்பன். எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னான். அவள் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

வண்டி இல்லாவிட்டால் சடையப்பன் என்ன செய்வான் என்று யாருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது. வேறு வேலை அவன் கற்றுக்கொள்ளவில்லை. மகன் போன பிறகு அவன் பேசுவதே அந்த வண்டியோடுதான். எனக்கு அவன் மேல் கோபம் உண்டு, ஆனால் அந்தக் காரை இன்னொருவன் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்க்க எனக்கு மனசில்லை.

மறுநாளிலிருந்து அவன் ஸ்டாண்டில் நிறுத்தவில்லை. கால்வாய்ப் பாலத்தின் மேட்டில் நிறுத்தினான். பிரேக்கை விட்டால் வண்டி தானாக உருளும், உருளும்போது கியரைப் போட்டால் கிளம்பும். யாரும் தள்ளவில்லை, சத்தியமும் கெடவில்லை. வாடகைக்கு வருகிறவர்கள் வெயிலில் பாலம் வரை நடந்தார்கள். ஒரு கட்டத்தில் நடப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் கோட்டக்குப்பத்து பாய் துபாயிலிருந்து வந்தார். வருஷா வருஷம் அவரை ஏர்போர்ட்டில் விட்டுக் கூட்டி வருவது சடையப்பன்தான். இந்தத் தடவை வண்டி பாலத்து மேட்டிலிருந்து உருண்டு கிளம்பியதைப் பார்த்து பாய் வருத்தப்பட்டிருக்கிறார். அங்கே பையன்கள் காருக்கு மாட்டுகிற நீல எர்த் ஒயர் ஒரு செட் அவரிடம் இருந்திருக்கிறது. கட்டை விரல் தடிமன். அதை அப்படியே கொடுத்துவிட்டார்.

"லைட் பளிச்சுன்னு எரியும். டீசல் கம்மியா குடிக்கும். டேப்புல பாட்டு சுத்தமா கேக்கும். மாட்டிப் பாருங்கண்ணே, இன்ஷா அல்லாஹ் எல்லாம் சரியாயிடும்."

அவரே வந்து நின்று மாட்டியும் கொடுத்தார். அன்றிலிருந்து சடையப்பன் வண்டி 'டிக்' என்று சொல்லவில்லை. அந்த வருஷம் ஐப்பசி கார்த்திகையில் பெய்த மழையை ஊரே மறக்காது. ஸ்டாண்டில் முழங்கால் தண்ணீர். எங்கள் வண்டிகள் பாதி கிளம்பவில்லை. சடையப்பன் சாவியைத் தொட்டால் போதும்.

என்னடா மாயம் என்று கேட்டோம்.

"ஒயருப்பா. எல்லாம் அந்த ஒயருதான்" என்றான், எங்களைப் பார்க்காமல்.

அதை நம்பி ஸ்டாண்டில் ஆளாளுக்கு நீல ஒயர் கேட்டார்கள். பாயின் மச்சான் கோட்டக்குப்பத்தில் கடை போட்டு, துபாயிலிருந்து வரவழைத்து விற்றார். அப்பாதுரை மாட்டினான். நானும் மாட்டினேன். மாட்டிய அன்று என் மனைவியைக் கூப்பிட்டு லைட்டைப் போட்டுக் காட்டினேன். "எரியுது" என்றாள். முன்னாடி எரியவில்லையா என்றும் கேட்டாள். டீசல் முன்பு குடித்ததைத்தான் குடித்தது. டேப்பில் பாட்டுக்கு முன்னால் வருகிற கொர் சத்தம் இப்போதும் வந்தது.

அடுத்த மாசியில் திண்டிவனம் போனபோது சிவஞானத்திடம் கேட்டேன். அவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"உங்க பழைய ஒயருக்கு என்ன கொறச்சல்? சுத்தமான போல்ட்டுல எந்த ஒயர் போட்டாலும் கரண்டு ஓடும். துரு புடிச்ச போல்ட்டுல தங்கத்துல ஒயர் போட்டாலும் ஓடாதுங்க."

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி நான்தான், ஊதச் சொன்னவன் சடையப்பன். மறுநாள் காலை ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"டேய், உண்மையச் சொல்லு. இந்த ஒயரால என்ன ஆச்சு?"

அவன் தெருவைப் பார்த்தான். கொளஞ்சியம்மாள் உப்பளத்துக்குப் போயிருந்தாள். பானெட்டைத் திறந்தான். இரண்டு சிவப்பு மூட்டைகளும் தொங்கின. தானே கட்டியதைத் தொடுகிற மாதிரி, பயமில்லாமல் ஒன்றை விரலால் ஒதுக்கினான். அதற்கு நேர் கீழே எர்த் போல்ட், வாசலினைத் தடவிப் பளபளவென்று இருந்தது.

"பாய் மாட்ட வந்தாரில்ல? மூட்டையப் பாத்து இது என்னண்ணேன்னாரு. தொடாதீங்க பாய்னு சொல்றதுக்குள்ள ஸ்குரூ டிரைவரால நவுத்திட்டாரு. கீழ போல்ட்டே காணோம். பச்சையும் வெள்ளையுமா ஒரு கட்டி. உப்பு காத்துல கசிஞ்சு கசிஞ்சு அது மேலயே சொட்டியிருக்குது. ரெண்டு பேரும் சொரண்டுனோம். பழைய ஒயரையே மாட்டி செல்ஃப் அடிச்சேன். எடுத்துக்கிச்சு."

"அப்ப நீல ஒயரு?"

"பாயும் அதத்தான் கேட்டாரு. இருக்கட்டும், மாட்டிடுங்க பாய்னுட்டேன்."

"மூட்டை இன்னும் தொங்குதே?"

"உள்ள உப்பு இல்ல. கடற்கரையில பொறுக்குன வெள்ளக் கூழாங்கல்லு. அவ பாக்காதப்ப மாத்திட்டேன்."

"எங்க கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"ஸ்டாண்டுல சொன்னா அவ காதுக்குப் போவாதா? முருகையா, புள்ளைக்கு உப்பு கட்டலியேன்னு அவ இன்னும் அழுவுறா. கட்டுனதும் தப்புதான்டின்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

சண்டை போட வந்த நான் ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அப்போது கொளஞ்சியம்மாள் வந்துவிட்டாள். வழக்கத்துக்கு முன்னதாகவே. கையில் தூக்குச் சட்டி, அதில் புது உப்பு. அந்த வருஷம் முதல் வாரல் அன்றைக்குத்தான். திறந்த பானெட்டைப் பார்த்ததும், "நல்லதாப் போச்சு, தொறந்து வச்சிருக்கியா" என்றாள். "வாங்கண்ணே" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மூட்டைகளை அவிழ்த்தாள். ஒரு குண்டானில் தண்ணீர் கொண்டு வந்து, உள்ளே இருந்ததைக் கொட்டினாள். கையால் கலக்கினாள்.

வருஷம் திரும்பினால் கரைக்க வேண்டும் என்பதைச் சடையப்பன் மறந்தே போயிருந்தான். அவன் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

அவள் கலக்கிக்கொண்டே இருந்தாள். குண்டானில் கடகடவென்று சத்தம் கேட்டது.

"கரையல" என்றாள்.

"பழைய உப்பு. இறுகியிருக்கும்" என்றான் சடையப்பன்.

"இந்த வருஷம் மழையும் ஜாஸ்தி" என்றேன் நான். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவள் எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குண்டான் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"போன மழையிலேயே எனக்குத் தெரியும். அவ்ளோ மழையில கரையாத உப்பு எங்கய்யா இருக்குது? கைல புடிச்சுப் பாத்தேன். உப்பு தூக்குறவளுக்குக் கல்லு கனம் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?" என்றான் சடையப்பன்.

"நீ சொல்லுவன்னு பாத்தேன்."

சடையப்பன் கழுவிய துணியைப் பிழிந்தான். பிழிந்ததையே மறுபடி பிழிந்தான். "உப்பு ஒழுவி போல்ட்ட தின்னுடுச்சு" என்றான். "சொன்னா உன் மனசு ஒடஞ்சிடும்னு நெனைச்சேன்."

கொளஞ்சியம்மாள் காலை நீட்டிக் காட்டினாள்.

"இதப் பாரு. இந்தக் காலையே திங்கிற உப்பு, இரும்ப வுட்டு வைக்குமா? மொத மொத வண்டி நின்னப்பவே தெரியும் எனக்கு."

"தெரிஞ்சுமா ரெண்டாவது மூட்டை கட்டுன?"

"தெரிஞ்சுதான் கட்டுனேன். வண்டி நின்னா நீ வூட்டுல இருப்ப. வூட்டுல இருந்தா உசுரோட இருப்ப. ஒருத்தனக் குடுத்தது போதும்."

நான் ஸ்பேனரைச் சட்டைப் பைக்குள் போட்டேன். போய்விடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் அவள் என் பக்கத்தில் வழியை மறித்து உட்கார்ந்திருந்தாள்.

சடையப்பன் கேட்டான்: "கல்லுன்னு தெரிஞ்சதும் திரும்ப உப்பு கட்டியிருக்கலாமே."

"கட்டத்தான் பானைல கைய வுட்டேன். அன்னிக்கு நீ இங்க வண்டி கழுவிக்கிட்டே பாடுன. ராஜவேலு போனதுக்கப்புறம் நீ வாயத் தொறந்து பாடி நான் கேட்டதே இல்ல." அவள் குண்டானைத் தன் பக்கம் இழுத்தாள். "சரி, ஓட்டட்டும்னு வுட்டுட்டேன்."

சடையப்பன் துணியை உதறிக் கம்பியில் காயப்போட்டான்.

அவள் குண்டான் தண்ணீரை முருங்கை மரத்தடியில் வடித்தாள். கூழாங்கற்களை முந்தானையில் துடைத்து, அதே சிவப்புத் துணியில் வைத்து முடிச்சுப் போட்டு, அதே கம்பியில் கட்டினாள். இழுத்துப் பார்த்து இன்னொரு முடிச்சும் போட்டாள்.

"கல்லுதானே. கண்ணு பட்டா அதுல படட்டும்."

"புது உப்பு?" என்று நான் கேட்டேன்.

"கொழம்புக்கு ஆவும்."

சடையப்பன் பானெட்டை மூடினான். "அப்ப அந்தச் சத்தியம்?" என்று மெதுவாகக் கேட்டான்.

"எது? தள்ளுனா விக்கிறதா? அது இருக்குது" என்றாள். தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டாள். "பாத்துப் போயிட்டு வா. மத்தியானம் சாப்பிட வந்துடு."

அவன் ஏறிச் சாவியைத் திருகினான். வண்டி எடுத்துக்கொண்டது. கால்வாய்ப் பாலம் ஏறும் வரை பாடிக்கொண்டே போனான். சடையப்பனுக்குக் குரலே கிடையாது. கொளஞ்சியம்மாள் உப்புச் சட்டியோடு வாசலில் நின்று கடைசி வரை கேட்டாள்.